இன்னொருவர் பெயரில் நலம்

லிப்னிட்சா, 3 மார்ச் 1957

பிட்லிக் அவர்களுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் திரும்பி வரவில்லை. ஆகவே கிடைத்திருக்கின்றன. எழுதக் கை வராதவர் நீங்கள் இல்லை என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மறுபடி சொல்கிறேன். என் கணவர் வாலென்டி டூடெக் காகிதத்தில் உயிரோடு இருக்கிறார். போர்க்கால ஜெர்மன் முகாமின் பதிவுப்படி சுடப்பட்டவர் அலோய்ஸ் பிட்லிக். விடுதலையாகி வெளியே நடந்து வந்தவர் வாலென்டி டூடெக். நீங்கள் ஊர் திரும்பி உங்கள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். அவருடைய சாவை யாரும் கேட்டு வாங்கவில்லை.

மாமியார் இருந்தவரை அது தேவைப்படவும் இல்லை. "எம் பையன் செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீ போட்டேன்னா இந்த வீட்டுக்குள்ள காலை வைக்காதே" என்பாள். போன நவம்பரில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது தேவைப்படுகிறது. ஏன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஃபெலிக்ஸ் என்று ஒருவர். ரயில்வே கேட்டில் வேலை. மனைவியை இழந்தவர். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். ஐந்து வருடமாக எங்கள் வைக்கோலை ஏற்றி இறக்கித் தருகிறார். எனக்கு நாற்பத்திநான்கு வயது. என் மகள் மார்த்தாவே கேலி செய்கிறாள்: "அம்மா, உன் மாப்பிள்ளை கேட்டைத் திறந்து போட்டுட்டு இங்க வந்து நிக்கிறாரு. இன்னிக்கு எந்த வண்டி எந்த மாட்டை அடிக்கப் போவுதோ." பாதிரியார் சிரிப்பதில்லை. "புருஷன் உயிரோட இருக்கிறவளுக்கு நான் எப்படிம்மா கல்யாணம் பண்ணி வைக்கிறது?" என்கிறார். அவருக்கு உண்மை தெரியும். ஊருக்கே தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது.

நீதிமன்றம் கண்ணால் பார்த்த சாட்சியைக் கேட்கிறது. முகாமில் அவர் இருந்த கொட்டகையிலிருந்து மிஞ்சியவர் நீங்கள் ஒருவர்தான். நாற்பத்தைந்தில் எங்கள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னீர்கள். வாசிக்கப்பட்டது உங்கள் எண், போனது அவர் என்று. மயக்கத்தில் இல்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தேன், அவரைப் போக விட்டுவிட்டேன் என்று. அதன்பின் அவர் பெயரில் இரண்டு வருடம் எனக்குக் கடிதம் எழுதியதையும், நான் அவருக்கு அனுப்பிய பொட்டலங்களைத் தின்றதையும் சொன்னீர்கள். மாமியார் உங்களை அறைந்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அதையே ஒரு நீதிபதி முன்னால் இன்னொரு முறை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த முறை யாரும் அறையமாட்டார்கள்.

ரொஸாலியா டூடெக்


கட்டோவிட்சே, 17 மார்ச் 1957

திருமதி டூடெக் அவர்களுக்கு,

நலம் என்று தொடங்க வேண்டும். முடியவில்லை. முகாமிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்திலும் 'நலமாக இருக்கிறேன்' என்ற வரி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் போகாது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் யாருக்கும் எழுதியதில்லை.

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. மேஜைமேல் இருந்தன. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் சில நாள் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

இங்கே ஒரு வக்கீல் முன் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். முத்திரையோடு. அது போதாதா?

நேரில் வர என்ன தடை என்று கேட்பீர்கள். வேலையைச் சாக்காகச் சொல்லலாம். டிராம் பணிமனையில் விடுப்புக் கேட்டால் கொடுப்பார்கள். காரணம் அது இல்லை. நீதிமன்றக் கூடத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் ஊர் வெங்காயத்தைத் தின்ற வாய் எது என்று பார்ப்பார்கள். தோலோடு தின்றேன். பொட்டலத்தின்மேல் உங்கள் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. தின்னும்போது அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்துக்கொள்வேன்.

பணிமனையில் என் மேஸ்திரி நல்ல மனிதர். ஒரு நாள் தோளில் தட்டிச் சொன்னார்: "என்னய்யா பிட்லிக், ஒருத்தன் உனக்காக உசிரையே குடுத்திருக்கான். நீ என்னடான்னா டிராம் சக்கரத்துக்கு கிரீஸ் அடிச்சுக்கிட்டிருக்கே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி. வேறு எவனாவது பிழைத்திருந்தால் ஏதாவது செய்திருப்பான்.

வக்கீலின் காகிதம் போதுமா என்று எழுதுங்கள்.

அ. பிட்லிக்


லிப்னிட்சா, 26 மார்ச் 1957

பிட்லிக் அவர்களுக்கு,

போதாது. கேட்டுவிட்டேன். "ஆளு வரணும்மா, அவரை நாலு கேள்வி கேக்கணும். காகிதத்தை வச்சுக்கிட்டு யாரையும் சாகடிக்க முடியாது" என்றார் நீதிமன்றக் குமாஸ்தா. காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவரை உயிரோடு வைத்திருக்க மட்டும் முடிகிறது.

உங்களுக்கு வெட்கம். புரிகிறது. எனக்கு இல்லையென்று நினைத்தீர்களா?

கேளுங்கள். முகாமிலிருந்து எல்லாமே ஜெர்மனில்தான் எழுத வேண்டும். அவருக்கு ஜெர்மனில் ஒரு சொல் தெரியாது. நீங்கள் ஜெர்மன் தெரிந்த சிலேசியாக்காரர்; அதனால் முதல் கடிதத்திலிருந்தே எழுதியது உங்கள் கைதான். அவர் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள். இங்கே மருந்துக்கடைக்காரர் படித்துச் சொல்வார், என் பதிலை ஜெர்மனில் எழுதித் தருவார். நாற்பத்திமூன்று பிப்ரவரிவரை வந்தவை இப்படி இருந்தன: நலமாக இருக்கிறேன். வெங்காயம் அனுப்பு. பசுவை விற்காதே. அம்மா சொல்வதைக் கேள்.

அதற்குப் பிறகு வந்தவை வேறு. எழுத்து அதே எழுத்து, ஆகவே நான் எதையும் சந்தேகப்படவில்லை. 'உன் கையில் பனிவெடிப்பு ஆறியதா?' என்று ஒன்றில் இருந்தது. 'மார்த்தா இருட்டுக்கு இன்னும் பயப்படுகிறாளா, வேறு எதற்காவது மாறிவிட்டாளா?' என்று இன்னொன்றில். கை வெடித்திருக்கிறது என்று முந்தைய வருடமே எழுதியிருந்தேன். அவர் அதற்குப் பதில் சொன்னதே இல்லை.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரொஸாலியா, முகாம் உன் புருஷனை மனுஷனாக்கிடுச்சு போ" என்றார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அது மே மாதம். அவர் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒன்பது வருடம் குடும்பம் நடத்தியவரை அந்தக் கடிதங்களுக்குப் பிறகுதான் நான் ஆசையோடு நினைத்துக்கொண்டேன். நான் நினைத்துக்கொண்டது யாரை? இதை நான் எந்தப் பாதிரியாரிடம் போய்ச் சொல்ல?

விசாரணை மே மாதம் பதினான்காம் தேதி. வாருங்கள்.

ரொஸாலியா டூடெக்


கட்டோவிட்சே, 7 ஏப்ரல் 1957

திருமதி டூடெக் அவர்களுக்கு,

வருகிறேன். உங்கள் வீட்டில் தங்கமாட்டேன். தயவுசெய்து எதுவும் சமைக்க வேண்டாம்.

கடிதங்களைப் பற்றி. கட்டாய வரியோடு நிறுத்தியிருக்கலாம். வெங்காயம் அனுப்பு என்று அவர் மாதிரியே எழுதியிருக்கலாம். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு எழுத யாரும் இருக்கவில்லை. நான் இறந்துவிட்டதாக என் அம்மாவுக்கு அறிவிப்புப் போயிருந்தது. உயிரோடிருக்கிறேன் என்று எழுதினால் ஆள் மாறியது தெரிந்து என்னையும் சுடுவார்கள், இரண்டு பேரும் செத்ததாகிவிடும். அந்த மாதத்தில் எனக்கென்று இருந்த முகவரி உங்களுடையது மட்டும்தான்.

நான் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. குடும்பக் கல்லறையில் என் பெயர் வெட்டப்பட்டிருந்தது. மாமா உளியோடு வந்தார். "எடுத்துடலாம்டா, இது அபசகுனம்" என்றார். வேண்டாம் என்றேன். அந்தத் தேதியில் அந்தப் பெயரில் ஒருவர் செத்தது உண்மைதானே. ஒவ்வொரு நவம்பரும், இறந்தவர்களின் நாளன்று, அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறேன். என் பெயருக்கே நான் விளக்கு வைப்பதைப் பார்த்துப் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் விலகி நிற்பார்கள்.

அவருக்கு இருக்கும் கல் அது ஒன்றுதான். இதை முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அ. பிட்லிக்


லிப்னிட்சா, 19 மே 1957

பிட்லிக் அவர்களுக்கு,

ஓடியே போய்விட்டீர்கள். ஃபெலிக்ஸ் தேநீர் வாங்கி வருவதற்குள் நீதிமன்றப் படியிறங்கிவிட்டீர்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரோடு நின்றுகொண்டு "என்ன ரொஸாலியா, நம்ம ஆளு ரயிலைவிட வேகமாப் போறாரு. நான் கேட்டை மூடி வச்சிருக்கணும்" என்றார். பிறகு ஒன்றையும் தானே குடித்துவிட்டு, இன்னொன்றையும் குடித்துவிட்டு, "பாவம், கோட்டு மாட்டின எலும்பு" என்றார்.

யாரும் அறையவில்லை, பார்த்தீர்களா? எங்கள் ஊர் ஹெலெனா தாழ்வாரத்தில் உங்களிடம் ரொட்டியை நீட்டினாள். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். அவள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். "நான் என்ன விஷமா குடுத்தேன்?" என்று.

தீர்ப்பு நமக்குச் சாதகமாகத்தான் வரும் என்கிறார்கள். நன்றி.

இப்போது நான் கேட்க நினைத்தது. நீதிபதி கடைசியில் கேட்டார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

"அவர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பழைய சிநேகிதமா?"

"பக்கத்துப் படுக்கை."

"பின்ன எதுக்காகப் போனாரு?"

"தெரியாதுங்க."

அதைச் சொல்லும்போது நீங்கள் நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். ஒரு நொடிதான். பிறகு உங்கள் பூட்ஸைப் பார்த்தீர்கள்.

உங்கள் பொய்யை நான் இரண்டு வருடம் மாதாமாதம் வாங்கிப் படித்தவள். எனக்குத் தெரியாதா? ஏன் போனார்?

ரொஸாலியா டூடெக்


கட்டோவிட்சே, 28 மே 1957

திருமதி டூடெக் அவர்களுக்கு,

நீதிபதியிடம் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

திருமணம் நல்லபடியாக நடக்கட்டும். ஃபெலிக்ஸ் அவர்களிடம் தேநீருக்காக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஹெலெனா அவர்களிடமும்.

அ. பிட்லிக்


லிப்னிட்சா, 16 ஜூன் 1957

பிட்லிக் அவர்களுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. வாலென்டி டூடெக் இறந்துவிட்டார். முத்திரை இருக்கிறது. பாதிரியார் அறுவடைக்கு முன் ஒரு ஞாயிறு தருகிறேன் என்கிறார். ஃபெலிக்ஸ் புதுச் சட்டைத் துணி எடுத்துவிட்டார். நான் இன்னும் சரி சொல்லவில்லை.

"காகிதம் வந்துடுச்சு, இன்னும் என்ன?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கால்தான் காரணம் என்று நினைக்கிறார். இல்லை என்று சொன்னேன். வேறு என்ன என்று சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வாலென்டியை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போன காலையில் நாங்கள் ஒருவரோடொருவர் பேசி ஒரு வாரமாகியிருந்தது. அடுப்பின் புகைக்குழாய் உடைந்திருந்தது. அவர் சரிசெய்யவில்லை. நான் கத்தினேன். "உங்கூட இருக்கிறதுக்கு ஜெயிலே தேவலாம்" என்றார். நான் பேச்சை நிறுத்தினேன். வண்டியில் ஏற்றும்போது மாமியார் அழுதாள், மார்த்தா அழுதாள். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

ஊரில் அவரைப் புனிதர் மாதிரிப் பேசுகிறார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் சொல்கிறார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பேன். வீடு திரும்ப ஆசைப்படுகிறவன் இன்னொருவனுக்காகப் போவானா? திரும்ப என்ன இருந்தது அவருக்கு? அதனால்தான் உயிரை லேசாகக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் அன்று என்னைப் பார்த்தது இதற்காகத்தானே? அவர் உங்களிடம் அப்படித்தானே சொன்னார்? 'வீட்டுக்குப் போக எனக்கு விருப்பமில்லை' என்று?

ஒருவர் என்னிடம் வர விரும்பாமல் செத்தார் என்றால், இன்னொருவரை எந்த முகத்தோடு வீட்டுக்குள் கூப்பிட? உண்மை எதுவானாலும் எழுதுங்கள். நீங்கள் எழுதவில்லையென்றால் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்வேன். ஃபெலிக்ஸிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ரொஸாலியா


கட்டோவிட்சே, 23 ஜூன் 1957

ரொஸாலியா அவர்களுக்கு,

நீங்கள் நினைப்பது இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியை எழுத முடியாமல் போனாலும்.

மீதி.

நோயாளிகளின் கொட்டகை. எனக்குக் காய்ச்சல், ஆனால் அறிவு இருந்தது. சுடப்போகிறவர்களின் எண்களை வாசித்தார்கள். என் எண் வந்தது. எழுந்து கதவருகே போக வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. பயத்தில் என் உடம்பு என்னிடம் இல்லை.

அவர் பக்கத்துப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார்.

"சட்டையைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா சிலேசியாக்காரா. எல்லாத்தையும் உனக்கு ஜெர்மன்லதான் சொல்லணுமா?"

எண் சட்டையில் தைத்திருக்கும். அவர் செய்யப்போவது எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்றேன். சொன்னேன், அது உண்மை. ஆனால் எப்படிச் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். விருந்தில் இன்னொரு துண்டு வேண்டாம் என்பதுபோல.

"நீ போனா எனக்கு யாரு எழுதுவா?" என்றார். "வேற எவனாவது எழுதினா எழுத்து மாறும். எழுத்து மாறினா நான் செத்துட்டேன்னு நினைப்பா. ஒரு மாசம் கடிதம் வரலைன்னா ஆத்துல விழுந்து செத்துடுவேன்னு எழுதியிருக்கா. நீதானே படிச்சுக் காட்டினே?"

நான்தான் படித்துக் காட்டினேன். உங்கள் கிறிஸ்துமஸ் கடிதத்தில் இருந்தது.

"அவ சொன்னா செய்வா. உனக்கு அவளைத் தெரியாது. நான் போனா நீ எழுதிக்கிட்டே இருப்பே, அவ இருப்பா, எம் பொண்ணுக்கு ஆத்தா இருப்பா. நீ போனா எல்லாம் போச்சு. இது உனக்காக இல்லடா, பெரிய மனுஷா. கையைத் தூக்கு."

தூக்கினேன்.

குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் கழற்றினார். தன்னுடையதை என் தலைவழியே மாட்டிவிட்டார். கொட்டகைக் கணக்கன் எங்களைத் தெரிந்தவன். பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

'எங்கள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் சொன்னீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். இதைச் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் ஒரு வரிக்காக அவர் போனார் என்றாகும். ஒரு பெண் தன் கணவனை எவ்வளவு விரும்பினால் அப்படி எழுதுவாள், அதுவே அவரைக் கொன்றது என்று நான் எப்படிச் சொல்ல?

ஆகவே நான் எழுதியவை எல்லாம் அவர் கொடுத்துவிட்டுப் போன வேலை. உங்களை ஆற்றுக்குப் போகவிடாமல் வைக்கும் வேலை. நான் அந்த வேலையை விரும்பத் தொடங்கினேன். மாதத்தின் மற்ற நாட்களைக் கடிதம் எழுதும் நாளுக்காகக் கழித்தேன். அவர் செத்த இடத்தில் நான் ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். அதுதான் வெட்கம். வெங்காயம் இல்லை.

ஃபெலிக்ஸிடம் சரி என்று சொல்லுங்கள்.

அலோய்ஸ் பிட்லிக்


லிப்னிட்சா, 7 ஜூலை 1957

அலோய்ஸ்,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டிலில் நின்று படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மார்த்தா வந்து "என்னம்மா, பசு உதைச்சிடுச்சா?" என்றாள்.

அந்த வரியை எழுதியது உண்மை. மறந்தே போயிருந்தேன், அதுதான் அசிங்கம். ஒரு கடிதம் தாமதமாக வந்தது, எரிச்சல், பேச்சுக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் பால் பொங்கி வழிந்தால்கூடப் பெண்கள் ஆற்றில் விழப்போவதாகச் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர் நல்ல ஜெர்மனில் எழுதியிருப்பார். அதில் அது பெரிய வார்த்தையாகியிருக்கும். நீங்கள் நினைப்பதுபோல் அது அன்பு இல்லை. என்னை அவ்வளவு நல்லவளாக வைத்திருந்ததற்கு நன்றி, ஆனால் அது அன்பு இல்லை.

மூன்று நாள் அழுதேன். ஒரு வெட்டிப் பேச்சுக்காக ஒரு மனிதர் போய்விட்டார் என்று. நான்காம் நாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனேன்.

அலோய்ஸ், நீங்கள் நகரத்துக்காரர். ஆறு என்றதும் ஆறு என்று நினைத்துக்கொண்டீர்கள். எங்கள் ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வாத்துகள் நடந்து கடக்கும். வாலென்டி அதன் கரையில் பிறந்தவர். "குதிரையோட குளம்பு நனையாத இதுக்கு ஒரு பேரு, ஆறாம்" என்று ஒவ்வொரு கோடையிலும் திட்டுவார். எனக்கும் மாமியாருக்கும் சண்டை வந்து ஆற்றில் விழப்போகிறேன் என்று அவள் கிளம்பினால், தலையைக்கூடத் தூக்காமல் சொல்வார்: "போறதுதான் போறே, சோப்பையும் எடுத்துட்டுப் போம்மா."

என்னிடமும் அதைத்தான் சொல்வார்.

நான் எழுதியதை அவர் ஒரு நொடிகூட நம்பியிருக்கமாட்டார். நீங்கள் நம்புவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் இல்லாமல் நீங்கள் கையைத் தூக்கமாட்டீர்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. கதவருகே ஆட்கள் நிற்கிறார்கள், நேரம் இல்லை. கையில் கிடைத்ததை எடுத்தார். கிடைத்தது நான்.

அவர் எனக்காகப் போகவில்லை. உங்களுக்காகத்தான் போனார். ஏன் என்று எனக்கும் தெரியாது. பக்கத்துப் படுக்கை என்பதற்கு மேல் காரணம் இருந்ததா என்றே தெரியவில்லை.

ஆனால் அந்த நேரத்தில் என்னை நினைத்திருக்கிறார். என் வாயை, என் கத்தலை. அதை வைத்து ஒரு பொய் சொல்லியிருக்கிறார், சாகப் போகிற வழியில். சோப்பை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும் அதே முகத்தோடுதான் சொல்லியிருப்பார். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிகிறது. திரும்ப விருப்பமில்லாத வீட்டைப் பற்றி அப்படிப் பேச வராது. எனக்கு அது போதும். வெட்கம் போகவில்லை, ஆனால் போதும்.

ஃபெலிக்ஸிடம் சரி சொல்லிவிட்டேன். ஜூலை இருபத்தெட்டு. வாருங்கள். நான் சமைப்பேன், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். அதற்கு முன் ஆற்றைக் காட்டுகிறேன். பூட்ஸைக் கழற்றினால் போதும், நடந்தே கடந்துவிடலாம்.

ரொஸாலியா